ஒற்றையரை எப்போது விடுவது? டென்னிஸ் வீரரின் மூன்று வழிகள்

ஒற்றையர் தரவரிசையில் 300-க்கும் 400-க்கும் நடுவே இரண்டு வருடமாக நிற்கிறேன், இரட்டையரில் 180-க்கு வந்துவிட்டேன், வயது 24, இனி இரட்டையர் மட்டும் ஆடலாமா? இந்தக் கேள்வி, எண்கள் மட்டும் மாறி, திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் வீரர்களும் உண்டு, பிள்ளையின் செலவைச் சுமக்கும் பெற்றோரும் உண்டு. மனசு சொல்வதைக் கேள் என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பதினைந்து வருட வாழ்க்கை இதில் அடங்கியிருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

வழிகள் மூன்று: ஒற்றையரிலேயே நிற்பது, இரண்டையும் ஆடுவது, இரட்டையருக்கு முழுசாகப் போய்விடுவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் பணம். பரிசுத்தொகையைச் சொல்லவில்லை, பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் போகக் கையில் நிற்பதைச் சொல்கிறேன். அடுத்தது உடம்பு: எந்த ஆட்டம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்? மூன்றாவது உங்கள் ஆட்டத்தின் குணம். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனில் நின்று இருபது பந்து அடித்து எதிராளியைக் களைக்க வைப்பவரா, சர்வீஸ் போட்டதும் நெட்டுக்கு ஓடத் துடிப்பவரா? நான்காவது, உங்கள் பிழைப்பு இன்னொருவரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது.

ஐந்தாவது அளவுகோல் நுழைவு. பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரட்டையர் தரவரிசை தனி ஆளுக்கானது, ஜோடிக்கானது அல்ல. போட்டியில் சேர்வதற்கு இருவரின் எண்ணையும் கூட்டிப் பார்ப்பார்கள். அப்படிக் கூட்டும்போது ஒருவர் தன் ஒற்றையர் எண்ணையும் பயன்படுத்திக்கொள்ளலாம், அது சிறியதாக இருந்தால். ஒற்றையரில் 40-வது இடத்தில் இருப்பவரும் 50-வது இடத்தில் இருப்பவரும் இந்த வாரம் சேர்ந்து ஆடுவோம் என்று முடிவு செய்தால், வருடம் முழுக்க இரட்டையர் மட்டுமே ஆடும் ஒரு ஜோடி பட்டியலுக்கு வெளியே போய்விடும். ஒற்றையர் எண் இரண்டு கதவுகளைத் திறக்கும் சாவி. இரட்டையர் எண் ஒரு கதவைத்தான் திறக்கும்.

## பணக் கணக்கு

விம்பிள்டன் 2024-ஐ எடுத்துக்கொள்வோம். ஒற்றையர் சாம்பியனுக்கு 27 லட்சம் பவுண்ட். ஆண்கள் இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 6,50,000 பவுண்ட், அதாவது ஆளுக்கு 3,25,000. அதே போட்டியில் ஒற்றையர் காலிறுதியில் தோற்றவர் 3,75,000 பவுண்ட் வாங்கினார். கோப்பையைத் தூக்கிய இரட்டையர் வீரரைவிட அவருக்கு அதிகம்.

உச்சியில் இருக்கும் வித்தியாசம்கூட இங்கே முக்கியமில்லை. அடியில் இருக்கும் வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானிக்கும். ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றால் 60,000 பவுண்ட். இரட்டையர் முதல் சுற்றில் தோற்றால் ஜோடிக்கு 15,750, ஆளுக்கு 7,875. பிரதான சுற்றுக்கு முன் நடக்கும் ஒற்றையர் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்று வீட்டுக்குப் போனவருக்கு 15,000. அதாவது, பிரதான சுற்றுக்குள் கால் வைக்காத ஒற்றையர் வீரர், பிரதான சுற்றில் ஆடித் தோற்ற இரட்டையர் வீரரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறார்.

கீழ்மட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள போட்டிகளில் இரட்டையர் பட்டம் வென்ற ஜோடிக்குக் கிடைப்பது 1,000 டாலருக்கும் குறைவு. அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு வாரத் தங்கும் செலவுக்கே சரியாகிவிடும்.

## முதல் வழி: ஒற்றையரிலேயே நிற்பது

ஒற்றையரில் முதல் 100-ஐ ஒட்டி இருந்தால் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் நேரடி இடம். 128 பேர் கொண்ட பிரதான சுற்றில் 104 பேர் தரவரிசையை வைத்தே உள்ளே போகிறார்கள். 230, 240 வரை இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தகுதிச் சுற்றில் இடம் கிடைக்கும். வருடத்தில் நான்கு தகுதிச் சுற்று என்பது பலருடைய சீசன் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

ஆண்கள் டென்னிஸில் 2024 முதல் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்தது. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் ‘பேஸ்லைன்’ என்ற திட்டத்தில் ஒற்றையர் முதல் 250 பேருக்குக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் உண்டு. தொடக்க ஆண்டில் முதல் 100 பேருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000. சம்பாதித்தது இதற்குக் குறைந்தால் மீதியை ஏடிபி தரும். காயத்தால் ஆட முடியாத வருடத்துக்கும் இதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரட்டையர் தரவரிசைக்கு இது பொருந்தாது. 250-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் ஒற்றையரை விடலாமா என்று கேட்டால், அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த வழியின் மறைமுகச் செலவு வருடங்கள். 320-ல் நிற்கும் ஒருவர் அடுத்த வருடம் 200-க்குள் வந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் நான்கு வருடம் கடத்திவிட முடியும். அந்த நான்கு வருடத்தில் நெட் ஆட்டமும் வளராது, நல்ல ஜோடியும் அமையாது. 28 வயதில் இரட்டையருக்குத் திரும்பும்போது புள்ளிகளைப் பூஜ்யத்திலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

23 வயதுக்குள் இருக்கிறீர்கள், ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் தரவரிசையில் முன்னேறிக்கொண்டே வருகிறீர்கள், ஆட்டம் பேஸ்லைனில்தான் உயிரோடு இருக்கிறது என்றால் இதுவே சரியான வழி.

## இரண்டாவது வழி: இரண்டையும் ஆடுவது

ஜான் மெக்கன்ரோ ஒரே நேரத்தில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் முதலிடத்தில் இருந்தவர். இன்றைய ஆண்கள் ஆட்டத்தில் அது மிகவும் கடினம். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஐந்து செட், நீளமான ராலிகள், நடுவில் போதாத ஓய்வு. பெண்கள் ஆட்டத்தில் கதை வேறு. வில்லியம்ஸ் சகோதரிகள் சேர்ந்து 14 கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டம் வென்றார்கள், ஒற்றையரில் ஆண்டுகொண்டே.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பார்பரா கிரெய்ச்சிகோவா. 2018-ல் கேத்தரினா சினியாகோவாவுடன் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் வென்று இரட்டையரில் உலக முதலிடத்துக்கு வந்தார். அப்போது ஒற்றையரில் முதல் 100-க்குள்கூட இல்லை. இரட்டையர் ஆட்டக்காரர் என்ற முத்திரை குத்தியாகிவிட்டது. அவர் ஒற்றையரை விடவில்லை. 2021 பிரெஞ்சு ஓபனில் ஒற்றையர், இரட்டையர் இரண்டையும் வென்றார். 2024-ல் விம்பிள்டன் ஒற்றையரையும் வென்றார். இதனால்தான் பெண்களுக்கு என் யோசனை வேறு மாதிரி இருக்கும்: முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். மூன்று செட் ஆட்டம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். இரட்டையரில் கூர்மையாகும் ரிட்டர்னும் (எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிப்பது) வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ஒற்றையருக்கும் உதவும்.

ஆனால் இந்த வழிக்கும் மறைமுகச் செலவுகள் உண்டு, அவை வாரக் கடைசியில் தெரியும். ஏடிபி சுற்றுக்கு அடுத்த கீழ் மட்டமான சேலஞ்சர் போட்டிகளில் இரட்டையர் இறுதி ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. அடுத்த ஊரில் ஒற்றையர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். இரட்டையரில் இறுதி வரை போனவர் இரவோடு இரவாகப் பயணம் செய்து, தூக்கமில்லாமல் காலையில் கோர்ட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாரத்தின் ஒற்றையரை விட வேண்டும். இது மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலே ஒற்றையர் எண் சரியத் தொடங்கும்.

அப்புறம் ஜோடியின் பொறுமை. ஒற்றையரில் அரையிறுதிக்குப் போனதும் கால் பிடித்துக்கொள்கிறது, இரட்டையரிலிருந்து விலகுகிறீர்கள். உங்களுக்கு அது நல்ல வாரம். அந்த இரட்டையரை மட்டும் நம்பி விமானம் ஏறி வந்தவருக்கு? இரண்டாவது முறை இப்படி நடந்தால் அவர் வேறு ஆளைத் தேடுவார், அதில் தப்பும் இல்லை.

## மூன்றாவது வழி: இரட்டையர் மட்டும்

இந்த வழியின் பெரிய வரம் ஆயுள். கோர்ட் அகலம் 8.23 மீட்டரிலிருந்து 10.97 மீட்டராகிறது, ஆனால் அதை இருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ராலிகள் குறுகியவை. கால் வேகத்தைவிடக் கையின் அனிச்சை வேகமும் அனுபவமும் அதிகம் பேசும். ரோஹன் போபண்ணா 43 வயதில், 2024 ஆஸ்திரேலிய ஓபனில், தன் முதல் கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை மேத்யூ எப்டெனுடன் வென்றார். அதே போட்டியில்தான் உலக முதலிடத்தையும் உறுதி செய்தார். டேனியல் நெஸ்டர் ஆயிரம் இரட்டையர் வெற்றிகளைக் கடந்து 46 வயதில் ஓய்வு பெற்றார். ஒற்றையரில் 43 வயது ஆள் இந்த மட்டத்தில் ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

யார் எப்போது வந்தார்கள் என்று பார்த்தால் ஒரே பாதை தெரியவில்லை. ஜேமி மர்ரி ஒற்றையரில் முதல் 800-க்குள்கூட வந்ததில்லை. சீக்கிரமே இரட்டையரைப் பிடித்துக்கொண்டு 2016-ல் உலக முதலிடம் வந்தார். ராஜீவ் ராம் நேர் எதிர். ஒற்றையரில் 56 வரை வந்து, இரண்டு ஏடிபி பட்டங்களும் வென்றவர். முதல் கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் பட்டம் வென்றபோது அவருக்கு 35 வயது. அப்புறம் ஜோ சாலிஸ்பரியுடன் 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று அமெரிக்க ஓபன் பட்டங்கள். சானியா மிர்சா 2007-ல் ஒற்றையரில் 27-வது இடத்தைத் தொட்டவர். மணிக்கட்டுக் காயங்கள் உட்பட உடம்பு அவரை இரட்டையர் பக்கம் திருப்பியது. 2015-ல் இரட்டையரில் முதலிடம்.

இப்போது மறைமுகச் செலவுகள். ஒன்று, அதிர்ஷ்டத்தின் பங்கு. கிராண்ட்ஸ்லாம் அல்லாத போட்டிகளில் 40-40 ஆனால் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக். நல்ல ஜோடிக்கும் சுமாரான ஜோடிக்கும் இருக்கும் தூரத்தை இந்த முறை சுருக்கிவிடுகிறது. நன்றாக ஆடியும் நான்கு வாரம் தொடர்ந்து முதல் சுற்றில் 10-8 என்று தோற்க முடியும். அந்த நான்கு வாரச் செலவும் உங்களுடையதுதான். ஆகவே வங்கியில் குறைந்தது ஆறு மாதச் செலவு இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

இரண்டாவது செலவு நடு வரிசையின் வறட்சி. இரட்டையரில் இருவருமே முதல் 70-க்குள் இருந்தால் கிராண்ட்ஸ்லாமுக்குள் நிம்மதியாகப் போகலாம். 64 ஜோடிகள் ஆடும் இடம் அது. ஆனால் 90-க்கும் 200-க்கும் நடுவே இருப்பவரின் வாழ்க்கை சேலஞ்சர் போட்டிகளில். அங்கே பட்டம் வென்றால் மட்டுமே வாரக் கணக்கு நேராகும். இந்தப் பாலைவனத்தை இரண்டு வருடத்துக்குள் கடந்தாக வேண்டும்.

மூன்றாவது, விதிகள் உங்களைக் கேட்காமல் மாறும். 2005-ல் ஒற்றையர் வீரர்களுக்குச் சாதகமாக நுழைவு விதிகளை மாற்ற ஏடிபி முயன்றபோது, பிரையன் சகோதரர்கள் உட்பட இரட்டையர் வீரர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். சமரசம் ஆனது, இரட்டையர் பிழைத்தது, புதிய புள்ளி முறையும் வந்தது. 2025 அமெரிக்க ஓபனில் கலப்பு இரட்டையரை 16 ஜோடிகளாகச் சுருக்கி, பாதி இடத்தை ஒற்றையர் தரவரிசையை வைத்தும் மீதியை அமைப்பாளர்களே தேர்ந்தெடுக்கும் வைல்டு கார்டாகவும் கொடுத்தார்கள். வென்ற ஜோடிக்கு 10 லட்சம் டாலர். அத்தனை ஒற்றையர் நட்சத்திரங்களையும் தாண்டி அதை வென்றது நடப்பு சாம்பியன்களான சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வாவஸோரியும். எனக்கு அந்த இரவு அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் மற்ற இரட்டையர் ஆட்டக்காரர்கள் வழக்கமாக வாங்கிய முதல் சுற்றுக் காசு அந்த வருடம் அவர்களுக்கு இல்லை என்பதும் உண்மை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒற்றையர் மட்டும் | இரண்டும் | இரட்டையர் மட்டும் |
|---|---|---|---|
| தோற்றாலும் கிடைக்கும் காசு | அதிகம் | இரண்டு பக்கமும் கொஞ்சம் | மிகக் குறைவு |
| வருமான உத்தரவாதம் (ஆண்கள்) | முதல் 250-க்குள் உண்டு | ஒற்றையர் எண் 250-க்குள் இருந்தால் உண்டு | இல்லை |
| போட்டிக்குள் நுழைவு | தன் எண் போதும் | மிக எளிது | இருவரின் எண்ணும் சேர்ந்து வேண்டும் |
| உடம்பு எத்தனை வயது வரை | 30-களின் நடுப்பகுதி தாண்டுவது அரிது | சீக்கிரம் களைக்கும் | 40-ஐயும் தாண்டலாம் |
| இன்னொருவரைச் சார்ந்திருப்பது | இல்லை | ஓரளவு | முழுக்க |
| பயிற்சியாளர் செலவு | தனியாக | தனியாக | இருவர் பகிரலாம் |

## ஜோடி என்னும் முதலீடு

அட்டவணையில் ஒரு வரியாக வந்துபோகும் சார்பு, வாழ்க்கையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரட்டையர் ஆட்டக்காரரின் மிகப்பெரிய சொத்து அவருடைய சர்வீஸ் இல்லை, ஜோடிதான் என்று நான் நினைக்கிறேன்.

சானியாவும் மார்டினா ஹிங்கிஸும் 2015 மார்ச்சில் சேர்ந்தார்கள். மூன்று கிராண்ட்ஸ்லாம்கள், தொடர்ந்து 41 வெற்றிகள். 2016 ஆகஸ்டில் பிரிந்துவிட்டார்கள். லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடி 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் ஆடி இரண்டை வென்றது. அதுவும் நிலைக்கவில்லை. இரட்டையரில் நிரந்தரம் என்றால் பாப், மைக் பிரையன் சகோதரர்கள்தான்: சேர்ந்து 119 பட்டங்கள், 16 கிராண்ட்ஸ்லாம்கள். அந்த ஜோடியிலும் 2018-ல் பாபின் இடுப்பு பழுதானது. மைக் ஜேக் சாக்குடன் சேர்ந்து அந்த வருடம் விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார். அவருக்கு அப்போது 40 வயது. எல்லோருக்கும் இன்னொரு சாக் கிடைக்கமாட்டார்.

ஜோடியைத் தேடும்போது தரவரிசையை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பேச வேண்டியவை இருக்கின்றன. யார் வலது பக்கம் ரிட்டர்ன் எடுப்பது, யார் இடது பக்கம்? இருவரும் ஒரே பக்கம் பழகியவர்கள் என்றால் ஒருவர் மாற வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். நெட்டில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலால் காட்டும் சைகைக்கு சர்வீஸ் போடுபவர் கட்டுப்படுவாரா? பயிற்சியாளர் சம்பளம் எப்படிப் பிரியும்? அவருக்கு இன்னும் ஒற்றையர் ஆசை இருக்கிறதா? கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். நீங்கள் ஒற்றையரை விட்டுவிட்டு, அவர் விடாமல் இருந்தால், அவருடைய ஒவ்வொரு நல்ல வாரமும் உங்களுக்கு ஆபத்தான வாரம்.

ஒரு நல்ல செய்தி: புள்ளிகள் தனி ஆளுக்கு என்பதால், ஜோடி உடைந்தாலும் உங்கள் எண் உங்களோடு வரும், 52 வாரத்துக்கு. அதற்குள் அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும்.

## அந்த 24 வயதுக்காரருக்கு

ஒற்றையர் 340, இரட்டையர் 180, வயது 24. ஒரு முழு சீசன் இரண்டையும் ஆடுங்கள், ஆனால் எந்தெந்தப் போட்டிக்குப் போவது என்ற திட்டத்தை இரட்டையரை வைத்துப் போடுங்கள். எந்த ஊரில் ஜோடி கிடைக்கிறாரோ அந்த ஊருக்குப் போங்கள், ஒற்றையரில் இடம் கிடைத்தால் ஆடுங்கள். சீசன் முடிவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். இரட்டையரில் 100-ஐ நெருங்கிவிட்டீர்களா? அடுத்த வருடம் முழுக்கச் சேர்ந்து ஆட ஒப்புக்கொண்ட ஒருவர் இருக்கிறாரா? ஒற்றையர் எண் இன்னும் கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கு வெளியே இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஒற்றையரை விடுங்கள், இன்னொரு வருடம் தள்ளாதீர்கள். ஜோடி மட்டும் அமையவில்லை என்றால் விடாதீர்கள். ஜோடி இல்லாத இரட்டையர் வீரருக்கு வேலை இல்லை.

வயது 28, ஒற்றையர் 250-க்கு வெளியே, நெட் ஆட்டம் நன்றாக வருகிறது என்பவருக்கு இந்த ஒரு வருடச் சோதனையும் தேவையில்லை. இன்றே மாறலாம். 18, 19 வயதில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் இரட்டையருக்கென்று தனிப் புள்ளி இருக்கிறது, படிப்பும் கிடைக்கிறது. பிரையன் சகோதரர்கள், ராம், சாலிஸ்பரி, 2024-ல் விம்பிள்டன் வென்ற ஹென்றி பேட்டன் எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள்தான்.

விட்டுவிட்டால் பிறகு ஒற்றையருக்குத் திரும்ப முடியுமா என்று கேட்கிறார்கள். மேத்யூ எப்டென் ஒற்றையரில் 39 வரை வந்தவர், முப்பதுகளில் இரட்டையருக்கு மாறினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடைசி நேரத்தில் காலியான ஒற்றையர் இடத்தில் அவரை இறக்கினார்கள். சுற்றுப்பயண மட்டத்தில் ஒற்றையர் ஆடி ஏறக்குறைய இரண்டு வருடமாகியிருந்தது. எதிரில் நோவக் ஜோகோவிச். 6-0, 6-1 என்று தோற்றார். சரியாக ஒரு வாரம் கழித்து, அதே ரோலண்ட் காரோஸ் மைதானத்தில், ஜான் பியர்ஸுடன் சேர்ந்து அவர் இரட்டையர் தங்கம் வென்றார்.